ஆயுதக் களைவு பாடமான கதை

அணுகுண்டு நல்லதா, கெட்டதா என்று தரம் 10 வகுப்பில் கேட்டால், கெட்டது என்று எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் சொல்வார்கள். வினாத்தாளில் அதற்குப் புள்ளியும் கிடைக்கும். அவர்கள் யோசித்துத்தான் சொன்னார்களா என்பது மட்டும் தெரியாது.

இந்தக் கவலையோடுதான் ஆயுதக் களைவுக் கல்வி பிறந்தது. 1980 ஜூனில் யுனெஸ்கோ பாரிஸில் கூட்டிய உலக மாநாடு, கல்வி வேறு, பிரசாரம் வேறு என்று கோடு கிழித்தது. எதைச் சிந்திப்பது என்று ஊட்டக் கூடாது, எப்படிச் சிந்திப்பது என்று பழக்க வேண்டும் என்றது. பனிப்போர் முடிந்ததும் பலருக்கு அந்த அக்கறை விட்டுப்போயிற்று. ஆனால் 1998 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் அடுத்தடுத்து அணுகுண்டுச் சோதனை நடத்தின. அதே ஆண்டு இலங்கையரான ஜயந்த தனபால ஐ.நா.வின் ஆயுதக் களைவுத் திணைக்களத்தைப் பொறுப்பேற்றார். 2000 நவம்பரில் பொதுச் சபை இந்தக் கல்வி பற்றி ஆய்வு கேட்டது. மெக்சிகோவின் மிகேல் மரின் பொஷ் தலைமையில் நிபுணர் குழு கூடி, 2002இல் 34 பரிந்துரைகளோடு அறிக்கை வந்தது. பாரிஸில் சொன்ன நெறிதான் அதற்கும் அடிப்படை.

அதை வகுப்பில் நடத்திப் பார்க்க, 1996 ஜூலை 8ஆம் திகதி ஹேக் சர்வதேச நீதிமன்றம் வழங்கிய ஆலோசனைக் கருத்தைவிட நல்ல பாடப்பொருள் எனக்குத் தெரியவில்லை. அணுவாயுதப் பிரயோகம் பொதுவாகச் சட்டத்துக்கு முரண். ஆனால் ஓர் அரசின் இருப்பே ஆபத்துக்குள்ளாகும் தற்காப்பு நிலையில் முடிவாகச் சொல்ல இயலாது என்றது நீதிமன்றம். வாக்குகள் ஏழுக்கு ஏழு. தலைவரின் அறுதியிடும் வாக்கால்தான் அது நிறைவேறியது. எதிர்த்த எழுவரில் கொழும்பில் பிறந்த நீதியரசர் வீரமந்திரி ஒருவர். எந்த நிலையிலும், விதிவிலக்கே இன்றி, அணுவாயுதப் பிரயோகம் சட்டவிரோதம் என்று எழுதினார். அமெரிக்க நீதிபதி ஷ்வேபெலும் எதிர்த்தார், நேர்மாறான காரணத்துக்காக. இருவரையும் ஒரே பக்கத்தில் கண்டால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கொழும்பை ஒட்டிய எங்கள் ஒருகொடவத்தையில் இது தூரத்துக் கதையுமல்ல. 1995 ஒக்டோபர் 20ஆம் திகதி விடுதலைப் புலிகளின் தாக்குதலில் இங்கும் கொலன்னாவையிலும் எண்ணெய்த் தாங்கிகள் எரிந்தன. எது தற்காப்பு, அதை யார் தீர்மானிப்பது என்ற கேள்வி இங்குள்ள வீடுகளுக்குப் புதிதல்ல.

ஆசிரியர் தன் கருத்தை மறைக்கத் தேவையில்லை. நான் வீரமந்திரியின் பக்கம். ஆனால், ஷ்வேபெலின் வாதத்தை அவரே ஒப்புக்கொள்ளும்படி விளக்கிய பிறகுதான் என் கருத்தை வகுப்பில் சொல்லலாம்.

2023 செப்டெம்பரில் இலங்கை அணுவாயுதத் தடை ஒப்பந்தத்தில் இணைந்தது. அணுவாயுதம் வைத்திருக்கும் ஒரு நாடுகூட அதில் இல்லை. அப்படியென்றால் இணைந்து என்ன பயன் என்று பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டால், அந்த வாரத்துப் பாடவேளை முழுவதையும் அதற்கே கொடுக்கலாம்.