சென்னைக் கடற்கரை ஓவியங்களில் ஒளி

வில்லியம் ஹாட்ஜஸ் (1744–1797) என்ற ஆங்கில ஓவியர் 1780ஆம் ஆண்டு சென்னையில் வந்து இறங்கினார். கேப்டன் குக்கின் இரண்டாம் கடற்பயணத்தில் உடன்சென்று, தென்பசிபிக் தீவுகளை வரைந்து பழகியவர் அவர். இருந்தும் சென்னைக் கரை அவரை வியக்க வைத்தது. மேகமற்ற நீல வானம், பளபளக்கும் வெள்ளைக் கட்டடங்கள், வெளிர் மணல், கரும்பச்சைக் கடல் இவை சேர்ந்த காட்சி, ஈரக்காற்றும் மேகத்திரளும் பழகிய லண்டன்வாசியின் கண்ணுக்கு முற்றிலும் புதியது என்று 1793இல் வெளியான தமது இந்தியப் பயண நூலில் எழுதினார்.

அந்த வெண்மைக்குக் காரணம் சிப்பிச் சுண்ணாம்பு. தேய்த்து மெருகேற்றிய சுவர்கள் சலவைக்கல் போல் மின்னின. ஐரோப்பிய ஓவியர்கள் தொலைவைக் காட்ட நிறத்தை மங்கச் செய்து, நீலம் கலப்பது வழக்கம். பாலசமுத்திரத்தில் நிற்பவருக்குப் பச்சையாகத் தெரியும் பழனி மலை, சில மைல் விலகிப் பார்த்தால் நீலமாகிவிடுவது இதே இயல்புதான். சென்னையிலோ, கப்பலிலிருந்து பார்ப்பவருக்குத் தொலைவில் நின்ற சுவரே கண்ணைக் கூசச் செய்தது. பழகிய உத்தி இங்கே எளிதில் பொருந்தவில்லை.

அதே ஆண்டு ஐதர் அலியின் படை கர்நாடகப் பகுதிக்குள் நுழைந்ததால் ஹாட்ஜஸால் உள்நாட்டில் அதிகம் பயணம் செய்ய முடியவில்லை. 1781இல் கல்கத்தாவுக்குச் சென்றுவிட்டார்.

1792இல் தாமஸ் டேனியலும் (1749–1840) அவர் சகோதரர் மகன் வில்லியமும் (1769–1837) சென்னைக்கு வந்தனர். பின்னர் 1795 முதல் 1808 வரை அவர்கள் வெளியிட்ட 144 அச்சுப் படங்களில், தென்கிழக்கிலிருந்து பார்த்த புனித ஜார்ஜ் கோட்டையும் ஒன்று. இவை அக்குவாடின்ட் முறையில் அமைந்தவை. செப்புத் தகட்டில் பிசின் தூளைப் படியவைத்து அமிலத்தால் அரிப்பார்கள். வெளிச்சமாக இருக்கவேண்டிய இடங்களை வார்னிஷ் பூசி மூடிவிட்டு, மற்ற இடங்களை மீண்டும் மீண்டும் அரிப்பார்கள். அதிகம் அரிக்கப்பட்ட இடம் அச்சில் கருமையாகும். வானத்தின் மெல்லிய நிறமாற்றத்துக்கு இம்முறை மிகவும் ஏற்றது. அச்சிட்ட பின் கையால் வண்ணம் தீட்டினர்.

துறைமுகம் இல்லாத அக்காலத்தில், கப்பலில் வந்தவர்களை மசூலாப் படகுகளே கரைசேர்த்தன. ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த பலகைகள் அலையின் மோதலுக்கு வளைந்து கொடுத்தன. கோட்டையின் பெயரைப் பொறித்த இத்தகைய படங்கள் படகோட்டிகளின் பெயரைச் சொல்வதில்லை.

அன்று கோட்டைக்கு மிக அருகில் அலை அடித்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்து வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்ததால், தெற்கே கரை அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கம் கடல் நிலத்தை அரித்தது. கோட்டைக்கும் கடலுக்கும் இடையே இப்போது சாலை ஓடுகிறது.