நாலு சாத்திரம், நாலு பக்கம்: யெஸ் வாங்கிய திட்டு

புரோக்ரஸிவ் ராக் பற்றிப் பேச்சு வந்தாலே, 'ரொம்ப ஓவராப் போயிட்டாங்க' என்பதற்கு உதாரணமாக அடிக்கடி காட்டப்படும் ஆல்பம் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் யெஸ் குழு 1973 டிசம்பரில் வெளியிட்ட 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்'. இரண்டு எல்பி தட்டு, நாலு பக்கம், பக்கத்துக்கு ஒரே ஒரு பாட்டு. மொத்தம் 80 நிமிடத்துக்கும் மேல்.

இதற்கு விதை ஓர் அடிக்குறிப்பு. 1973 மார்ச்சில் கச்சேரிக்காக டோக்கியோ போயிருந்தபோது, பாடகர் ஜான் ஆண்டர்சன் பரமஹம்ச யோகானந்தரின் 'ஒரு யோகியின் சுயசரிதம்' படித்துக்கொண்டிருந்தார். சாத்திரங்களை சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்று நான்காகப் பிரிக்கும் குறிப்பு கண்ணில் பட்டது. சாத்திரம் நாலா, சரி, பாட்டும் நாலு! கிடார் கலைஞர் ஸ்டீவ் ஹோவும் சேர்ந்துகொண்டார். பயணத்தின்போதே ஹோட்டல் அறைகளில் திட்டம் உருவானது.

விமர்சகர்கள் என்ன சொன்னார்கள்? யெஸ்ஸைத் தொடக்கத்திலிருந்தே ஆதரித்து எழுதிவந்த மெலடி மேக்கர் பத்திரிகையின் கிறிஸ் வெல்ச்கூட, அங்கங்கே அருமை, ஆனால் இழுவை என்ற தொனியில்தான் எழுதினார். ரோலிங் ஸ்டோனுக்கும் பிடிக்கவில்லை. சில வருடம் கழித்து பங்க் அலை வந்தபோது, பழைய ராக்கின் ஆணவத்துக்கு இந்த ஆல்பம் அடையாளமாகிப்போனது.

ஆனா விற்பனை? பிரிட்டனில் முதலிடம். அதைவிட, முன்பதிவு ஆர்டர்களிலேயே தங்கத்தட்டுத் தகுதி. 'பார்த்தீங்களா, மக்கள் ஏத்துக்கிட்டாங்க' என்று இதை வைத்து வாதாடும் ரசிகர்கள் உண்டு. முன்பதிவு என்றால் கேட்காமலே வாங்கியது என்றுதானே அர்த்தம்? அது முந்தைய ஆல்பமான 'க்ளோஸ் டு தி எட்ஜ்' (1972) சம்பாதித்த நம்பிக்கை. இன்னொரு சிக்கலும் இருந்தது. தட்டு கடைக்கு வருவதற்கு முன்பே, நவம்பரில் சுற்றுப்பயணம் தொடங்கிவிட்டது. அதுவரை கேட்டேயிராத இசையை ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் கேட்டால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்?

என் பார்வையில், மிகத் துல்லியமான விமர்சனம் வெளியிலிருந்து வரவில்லை. கீபோர்டு வாசித்த ரிக் வேக்மன் சொன்னதுதான் அது. ஒரு எல்பிக்கு அதிகமான சரக்கு இருந்தது, இரண்டு எல்பிக்குப் போதாது. அதனால் நிரப்ப வேண்டியதாயிற்று என்றார். எல்பியின் ஒரு பக்கம் 20 நிமிடம் சொச்சம் தாங்கும். அதற்கு மேல் போனால் பள்ளங்கள் நெருங்கி, ஒலியின் அளவு குறையும். நாலு சாத்திரத்துக்கு நாலு பக்கம் என்று முடிவானதுமே ஒவ்வொரு பாட்டின் நீளமும் முடிவாகிவிட்டது. மான்செஸ்டர் மேடையில் சலிப்போடு உட்கார்ந்து கறி சாப்பிட்டதாக அவரே கதை சொல்வார். 1974 மே மாதம் குழுவை விட்டு விலகினார்.

இன்று கேட்கும்போது முதல் பக்கமும் நாலாவது பக்கமும் எனக்குக் கம்பீரமாகவே நிற்கின்றன. நடுவில் உள்ள இரண்டில்தான் நீட்டியது தெரிகிறது. பத்திரிகைகள் அதை ஆணவம் என்றன. வேக்மன் சொன்ன காரணம் வெறும் கணக்கு. கேட்கக் கேட்க, எனக்கு அவர் கணக்குதான் சரியாகப் படுகிறது.