தாயொருத்தியின் வினா

அல்கப்டன்மூத்திரப் பிணி மெண்டலின் விதிகளுக்கமையப் பரம்பரையாக வருவதென 1902 இல் ஆர்ச்சிபால்ட் கரொட் சுட்டினார். அனுசேபப் பிணியாய்வின் தோற்றுவாய் அதுவெனலாம். ஆயின், அவ்வறிவு சிகிச்சையாகக் கனிய அரை நூற்றாண்டு சென்றது.

1934 இல் நோர்வேத் தாயொருத்தி, தன் பிள்ளைகள் இருவரும் மனவளர்ச்சி குன்றியமைக்குக் காரணம் வினவினாள். மருத்துவர் அஸ்பியோர்ன் பொலிங் அவர்தஞ் சிறுநீரில் பெரிக்குக் குளோரைட்டை இட, அது பச்சை நிறமுற்றது. பீனைல்பைரூவிக்கமிலமே அதற்கு ஏதுவென அவர் நிறுவினார். பீனைலலனீன் எனும் அமினோவமிலத்தை மாற்றவல்ல ஈரல் நொதியம் குறைவுறுதலே மூலமெனப் பின்னர் அறியப்பட்டது.

1953 இல் பேர்மிங்காமில் ஹோர்ஸ்ட் பிக்கெல் குழுவினர், அவ்வமிலங் குறைந்த உணவினால் குழந்தையொன்றின் நிலை தேறியதை அறிவித்தனர். 1960களில் றொபேட் கத்றியின் குருதித்துளிச் சோதனை, பிறந்த சில நாட்களிலேயே பிணியை அறிய வழிசெய்தது.

அத்தாயின் மக்களுக்கு விடை காலந்தாழ்ந்தே கிட்டியது. அவள் வினாவோ பின்வந்த எண்ணற்ற குழந்தைகளின் அறிவைக் காத்தது.