ஊட்டியில் நின்றுபோன ஃபிலிம்

பழைய கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு மயிலாப்பூர் மாட வீதிகளிலும் ஜார்ஜ் டவுன் சந்துகளிலும் படமெடுத்து நடக்கிறவர்களை இன்று பார்க்கலாம். ஒரு ரோல் கருப்பு வெள்ளை, அடுத்த ரோல் கலர் என்று மாற்றி மாற்றிப் போட்டு ஒரே தெருவை எடுத்துப் பார்க்கிறார்கள். அவர்கள் பேச்சில் முதலிடம் கேமராவுக்குத்தான். உண்மையில் இந்த வழக்கம் நிலைப்பதும் அழிவதும் ஃபிலிமைப் பொறுத்தது. பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் 3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 120 ரோலில் பன்னிரண்டு சதுரப் படங்கள். பின்பக்கச் சிவப்பு ஜன்னலில் எண் தெரியும்வரை திருக வேண்டும். அவ்வளவு எளிய பொறி என்பதால், பழுதானாலும் கைத்திறன் உள்ள ஒருவர் சரிசெய்துவிடுவார். ஃபிலிமைத் தனி ஒருவர் செய்துவிட முடியாது. வெள்ளி உப்பை ஜெலட்டினில் கலந்து, கும்மிருட்டில், தூசி படாமல், மெல்லிய பிளாஸ்டிக் பட்டையின்மேல் சீராகப் பூச வேண்டும். அதற்கு ஓயாமல் ஓடும் ஆலை வேண்டும்.

அப்படி ஓர் ஆலை நம் நீலகிரியிலேயே இருந்தது. 1960-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம், பிரான்சின் போஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1967-இல் உற்பத்திக்கு வந்தது. ஊட்டியின் குளிரும் தூசியில்லாத காற்றும் இந்த வேலைக்குத் தோதானவை. ‘இந்து’ என்ற பெயரில் கருப்பு வெள்ளை ஃபிலிம், பிரிண்ட் பேப்பர், மருத்துவமனைகளுக்கான எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் அங்கிருந்து வந்தன. ஊழியர் குடியிருப்பு இருந்த பகுதிக்கே இந்து நகர் என்று பெயர். அன்னியச் செலாவணிக்கு நாடு திண்டாடிய காலத்தில், வெளிநாட்டு ரோலை எதிர்பார்க்காமல் ஸ்டூடியோக்காரர் படமெடுக்க இந்த ஆலை வழி செய்தது. அதன் அருமையை நாம் போதிய அளவு பேசவில்லை என்பது என் எண்ணம்.

டிஜிட்டல் வந்தபின் ஃபிலிம் ஆலை மூடியது இயற்கைதானே என்று கேட்கலாம். காலக்கணக்கு அதற்கு இடம்கொடுக்கவில்லை. நலிந்த நிறுவனம் என்று அது அறிவிக்கப்பட்டது 1996-இல். அப்போது டிஜிட்டல் கேமரா நம் ஊர்க் கடைகளை எட்டவே இல்லை. ஆலையை வீழ்த்தியவை வேறு காரணங்கள். மக்கள் கலருக்கு மாறிவிட்டார்கள். 1991-க்குப் பின் இறக்குமதிக் கதவு திறந்தது. பாலியெஸ்டர் எக்ஸ்ரே ஃபிலிமுக்காக எழுப்பிய புதிய ஆலையின் கடன் கழுத்தை நெரித்தது. 2014-இல் ஊழியர்களுக்கான விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. வாங்குவோர் பெருகினால் ஃபிலிம் தானே திரும்பி வரும். 2012-இல் நிறுத்தப்பட்ட எக்டாகுரோம் ஃபிலிமைக் கோடாக் 2018-இல் மறுபடி கொண்டுவரவில்லையா? கொண்டுவந்தது. ஆனால் சினிமா ஃபிலிமுக்காகக் கோடாக்கின் ராச்செஸ்டர் ஆலையில் பூச்சு இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன, கைப்பழக்கமும் விட்டுப்போகவில்லை. போலராய்டு ஃபிலிம் பிழைத்ததும் நெதர்லாந்தின் என்ஸ்கெடேயில் இருந்த கடைசி ஆலையின் இயந்திரங்களை 2008-இல் சிலர் காப்பாற்றியதால்தான். தொடர்ச்சி அறுந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கோடாக்கின் கோடாகுரோம் கலர் ஃபிலிம் சாட்சி. அதன் உற்பத்தி 2009-இல் நின்றது. அதைக் கழுவிய கடைசி லேப், கான்சஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் ஊரில், 2010 டிசம்பர் 30-உடன் ரோல் வாங்குவதை நிறுத்தியது. கழுவும்போதுதான் அந்த ஃபிலிமில் நிறமே ஏறும். எனவே மீதமிருந்த ரோல்களில் கலர்ப் படம் காண வழியில்லாமல் போயிற்று. அவற்றைப் போட்டு எடுத்த கேமராக்கள் இன்றும் வேலை செய்கின்றன.

ஊட்டியிலும் தொடர்ச்சி அறுந்துவிட்டது. ஆலையில் இருட்டறை வேலை பார்த்தவர்களுக்கு வயதாகிவிட்டது. பழைய கேமராவோடு நடக்கிற நண்பர்களே, அடுத்த நடையை இந்து நகரில் வையுங்கள்; அந்த ஊழியர்களைத் தேடிப்போய், தொழிலை அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.