பாம்பாட்டிக்கும் ஒரு பிரிவு

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் பாம்பாட்டிக்கு இடம் உண்டு. நடிகர், பாடகர், வாத்தியக்காரர், நடனக் கலைஞர், கழைக்கூத்தாடி, மாயவித்தைக்காரர் என்று நீளும் வரிசையில் அவரும் நிற்கிறார். மக்கள் முன் நிகழ்த்திக் காட்டுகிற எவருக்கும் அந்த நிகழ்த்தலின்மேல் உரிமை உண்டு என்கிற இந்த வரி, சட்டப் புத்தகத்துக்குள் நுழைவதற்குள் ஒரு தலைமுறையே ஓடிவிட்டது.

1957இல் சட்டம் வந்தபோது பாட்டு எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் உரிமை கிடைத்தது. பாடியவருக்கும் ஆடியவருக்கும் ஒன்றுமில்லை. 1961 அக்டோபரில் ரோம் நகரில் நிகழ்த்துக் கலைஞர்களுக்கென்று ஓர் உடன்படிக்கை உருவானது. இந்தியா கையெழுத்துப் போட்டதோடு சரி, உறுதி செய்யவில்லை. 1977இல் ஓர் இசை உரிமை வழக்கின் தீர்ப்பில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், பாடகருக்குச் சட்டம் எதுவும் தரவில்லையே என்று தனிக் குறிப்பாக எழுதினார். அடுத்த ஆண்டு இந்தி நட்சத்திரம் தேவ் ஆனந்த் சம்பந்தப்பட்ட வழக்கில், நடிப்புக்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் பாதுகாப்பு இல்லை என்றது பம்பாய் உயர் நீதிமன்றம். அவருக்கே அந்தக் கதி என்றால், செங்கல்பட்டுப் பக்கம் விடியவிடியக் கூத்தாடுகிறவர் எம்மாத்திரம்?

1994 திருத்தத்தில்தான் நிகழ்த்துக் கலைஞருக்கு உரிமை தரும் 38ஆம் பிரிவு நுழைந்தது. 1995 மே 10 முதல் நடைமுறை. முதலில் 25 ஆண்டுப் பாதுகாப்பு, பிறகு 50 ஆனது. ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடுவதும் நேரடி நிகழ்த்தல்தான் என்று 2006இல் பாடகி நேஹா பாசின் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் தெளிவாக்கியது. 2012 திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போனது: வணிகப் பயன்பாட்டில் ராயல்டி கேட்கலாம், தன் பெயரைச் சொல்லச் சொல்லலாம், பெயர் கெடும்படி வெட்டிச் சிதைத்தால் தடுக்கலாம். உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும் பெயரும் மானமும் கலைஞரிடமே இருக்கும். சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

2019 அக்டோபர் 11 அன்று மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் முன்னால், மோடியும் ஷி ஜின்பிங்கும் பார்க்கக் கலாக்ஷேத்ரா கலைஞர்கள் ஆடினார்கள். 38ஆம் பிரிவின் கணக்குப்படி அந்த ஆட்டத்தின் உரிமை 2069 டிசம்பர் 31 வரை உயிரோடு இருக்கும். இதே ஊர் நாட்டிய விழாவைச் செல்பேசியில் எடுத்துத் தனக்கென்று வைத்துக்கொள்பவரைச் சட்டம் தொடாது. அதையே ஆடியவரைக் கேட்காமல் இணையத்தில் ஏற்றுவது வேறு விஷயம்.

மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய்ப் பாருங்கள். துணி கட்டிய மண்பானையிலிருந்து நல்ல பாம்பை வெளியே எடுத்து, தலையைப் பிடித்து, கண்ணாடிக் குவளையின் விளிம்பில் பல்லைப் பதியவைத்து விஷம் எடுக்கிறார்கள். சுற்றிலும் டிக்கெட் வாங்கிய கூட்டம். இருளர்கள் பாம்பாட்டிகள் அல்ல. மகுடி ஊதுவதில்லை, விஷமுறிவு மருந்துக்காக உழைக்கிறவர்கள். ஆனாலும் பார்வையாளர் முன் செய்துகாட்டும் அந்தக் கைத்திறன், நிகழ்த்துகிற “வேறு எவரும்” என்று சட்டம் திறந்து வைத்திருக்கும் வாசலுக்குள் வரும் என்றே நான் நினைக்கிறேன். அதைப் படம்பிடித்து விற்கிறவர்கள் அவர்களுடைய சம்மதத்தைக் கேட்டாக வேண்டும்.

சினிமாவில் மட்டும் ஒரு பள்ளம் இருக்கிறது. படத்தில் தற்செயலாக வந்துபோகிறவர், தொழில் வழக்கப்படி பெயர் போடப்படாதவர் என்றால், சட்டம் அவரைக் கலைஞராகவே எண்ணாது. சிதைப்புக்கு எதிராக மட்டும் அவர் பேசலாம். கிழக்குக் கடற்கரைச் சாலைப் படப்பிடிப்புகளுக்குப் போகும் பறைக் குழுவும் கூத்துக் குழுவும் விழக்கூடிய பள்ளம் இதுதான். பாடகர்களுக்கு 2013இல் பதிவான உரிமைச் சங்கம் இருக்கிறது, ராயல்டியை வசூலித்துத் தருகிறது. கூத்துக்காரருக்கு அப்படிப் போய் நிற்க வாசல் இல்லை. எனவே சம்பளம் பேசும்போதே டைட்டிலில் பெயர் வரவேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். நீட்டுகிற ஒப்பந்தத் தாளைத் தமிழில் கேட்டு, படித்த பிறகே கையெழுத்துப் போடவேண்டும்.