தேக்கடி ஏரியைப் பார்த்திருக்கிறீர்களா?



ஜனவரி 15 வந்தால் பென்னிகுக் துரையின் பிறந்த நாள் என்று பொங்கல் வைக்கிறோம். லோயர்கேம்ப்பில் 2013-ல் கட்டிய மணிமண்டபத்துக்குப் போய் மாலை போடுகிறோம். பொங்கலை இறக்கிச் சாப்பிட்டுவிட்டு அப்படியே ஊருக்குத் திரும்பிவிடுகிறோம். இன்னும் கொஞ்சம் மலைப்பாதையில் ஏறினால் குமுளி. குமுளியை ஒட்டித் தேக்கடி. நம்ம வயலுக்கு வருகிற தண்ணி நிற்கிற இடம் அதுதான். எங்கிருந்தோ வெளிநாட்டுக்காரர்கள் கப்பலேறி, விமானமேறி வந்து பார்க்கிற அந்த ஏரியை, பக்கத்திலேயே இருக்கிற நம்மில் பலர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"தோட்டத்துல பன்னியும் யானையும் புகுந்து பாழாக்குது. இதுல காசு குடுத்து வேற போய்ப் பாக்கணுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஒரு ராத்திரியில் வாழைத் தோட்டத்தைப் பறிகொடுத்தவனிடம் வனவிலங்கின் பெருமையைப் பேசினால் அவனுக்கு எரிச்சல்தான் வரும். ஆனால் அந்த ஏரிக்கும் காட்டுக்கும் நம்ம நெல்லுக்கும் உள்ள கணக்கு வேறு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டன்மார் சொல்வார்களே, 1876 முதல் 1878 வரை, அதற்குப் பிறகுதான் பெரியாற்றுத் திட்டம் வேகம் பிடித்தது. மேற்கே ஓடி அரபிக் கடலில் விழுகிற ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்ப வேண்டும். 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு ஒப்பந்தம் எழுதினார்கள். 8,000 ஏக்கர் நிலம், 999 வருஷக் குத்தகை, ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய். 1887-ல் வேலை தொடங்கியது. வெள்ளம் வந்து கட்டியதை அடித்துக்கொண்டு போயிற்று. மலேரியாவில் கூலியாட்கள் மடிந்தார்கள். சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டிய அந்த அணையை 1895-ல் திறந்தார்கள். இன்றைக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு அதுதான் ஆதாரம்.

தண்ணீர் தேங்கியபோது அங்கே இருந்த காடு என்ன ஆயிற்று? எல்லா மரத்தையும் வெட்டி எடுக்கவில்லை. நின்ற மரம் நின்றபடியே முழுகியது. படகில் போனால் ஏரிக்குள்ளே கறுத்துப்போன அடிமரங்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். 125 வருஷத்துக்கு மேல் ஆகியும் நிற்கின்றன. தண்ணிக்குள்ளே காற்றுப் படாத மரத்தை உளுப்பது கஷ்டம். கிணற்றுக்குள் கிடக்கிற பழைய கட்டையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அந்த மொட்டை மரங்கள்தான் இன்று நீர்க்காகங்களுக்கும் பாம்புத்தாராவுக்கும் இருப்பிடம். பாம்புத்தாரா முழுகி மீனைக் குத்தி எடுக்கும். நீந்தும்போது கழுத்து மட்டும் பாம்பு மாதிரி வெளியே தெரியும். அதன் இறகு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் மரத்தின்மேல் ஏறி, வேட்டி காயப்போட்டதுபோல் இரண்டு சிறகையும் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நம்ம குளத்திலும் கண்மாயிலும் மீன் பிடிக்கிற நீர்க்காகத்தை அங்கே நூற்றாண்டு பழைய மரத்தின் மேல் பார்ப்பது தனி அழகு.

பயிருக்காகக் கட்டிய ஏரி மிருகங்களுக்குப் புகலிடமானது பிறகுதான். 1899-ல் ஏரியைச் சுற்றியுள்ள காட்டைக் காப்புக்காடு ஆக்கினார்கள். அப்போது தேயிலைத் தோட்டங்கள் மலை மலையாகப் பரவிக்கொண்டிருந்த காலம். அவை ஏரிக்கரைவரை வந்துவிடாமல் தடுக்கத் திருவிதாங்கூர் மகாராஜா 1934-ல் நெல்லிக்காம்பட்டி சரணாலயத்தை ஏற்படுத்தினார். அது 1950-ல் பெரியாறு வனவிலங்கு சரணாலயமாக விரிந்தது. 1978-ல் புலிகள் காப்பகம் ஆயிற்று. இன்றைக்கு 925 சதுர கிலோமீட்டர்.

அந்தத் தடுப்பு நமக்கு என்ன செய்தது என்று யோசித்துப் பாருங்கள். காடு மழையை வாங்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. மண்ணைப் பிடித்து வைக்கிறது. மரம் போனால் மழையோடு மண்ணும் இறங்கி வரும், அணைக்குள் படியும். வைகை அணை 1959-ல் கட்டியது. பெரியாறு அணைக்கு அறுபது வருஷத்துக்கு மேல் இளையது. அதில் வண்டல் படிந்து கொள்ளளவு குறைந்துவிட்டது என்று நாம் பேசிப் பேசி அலுத்துவிட்டோம். வருசநாட்டு மலையில் காடு அழிந்ததற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு. அந்த மலைகளையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் என்று அறிவித்தது 2021-ல்தான்.

காட்டை நம்பிப் பிழைத்தவர்கள் கதையும் உண்டு. தேக்கடி வட்டாரத்தில் திருட்டுத்தனமாக இலவங்கப்பட்டை உரித்துக்கொண்டிருந்த இருபதுக்கும் மேற்பட்டவர்கள், 1998-ல் வனத்துறையோடு சேர்ந்து காவல்காரர்களாக மாறினார்கள். எந்தத் தடம் எங்கே போகும், எவன் எந்த வழியாக நுழைவான் என்பது அவர்களுக்குத்தானே தெரியும்! ராத்திரி ரோந்தும் போகிறார்கள், பயணிகளுக்கு வழியும் காட்டுகிறார்கள். ஜெயிலில் போட்டு ஆகாத காரியம் இது.

போவதென்றால் டிசம்பருக்கு மேல், கோடை முடிவதற்குள் போங்க. உள்காட்டில் தண்ணீர் வற்றுகிறபோது யானையும் மிளாவும் காட்டுமாடும் ஏரிக்கரைக்கு இறங்கும். நீர்நாய்க் கூட்டம் மீனைக் கவ்விக்கொண்டு கரையேறுவதையும் பார்க்கலாம். தென்மேற்குப் பருவமழையில் போனால் அட்டைதான் காலைக் கவ்வும். காலையில் முதல் படகே நல்லது. பிள்ளைகளைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லுங்க.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். 2009 செப்டம்பர் 30-ல் 'ஜலகன்யகா' என்ற படகு இந்த ஏரியில் கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். கரையில் யானை நின்றாலும் சரி, புலியே நின்றாலும் சரி, எழுந்து ஒரே பக்கமாக ஓடாதீர்கள். மிதவைச் சட்டையைக் கடைசிவரை கழற்றாதீர்கள். படகு திரும்பும்போது அந்தப் பக்கத்து மிருகம் தானாகவே உங்கள் கண்ணுக்கு நேராக வரும்.