வீட்டுப் பழுதுபார்ப்புக்கு ‘மல்டி டூல்’: வாங்கும் முன் அறிந்துகொள்ள வேண்டியவை

திருவனந்தபுரம்: கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1-ஆம் தேதி வாக்கில் தொடங்குகிறது. அது விலகும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடுகிறது. இரு மழைக்காலங்களையும் கடற்காற்றின் ஈரத்தையும் தாங்கி நிற்கும் தலைநகர வீடுகளில் உப்பிய கதவு, கரையான் அரித்த நிலைச்சட்டம், பெயர்ந்த டைல் ஆகியவை மீண்டும் மீண்டும் தலைதூக்கும் சிக்கல்கள் ஆகும். இத்தகைய சிறு வேலைகளைத் தாமே செய்ய விரும்புவோர் நாடும் மின்கருவிகளுள் ஒன்று, ‘ஆசிலேட்டிங் மல்டி டூல்’ எனப்படும் அலைவுறு பல்பயன் கருவி.

சாலைக் கடைவீதியின் ஹார்டுவேர் கடைகளிலும் இணையச் சந்தைகளிலும் கருவி வாங்குவோர் பெரும்பாலும் விலையையும் வாட் அளவையும் மட்டுமே ஒப்பிடுகின்றனர். ஆனால் பிளேடு பொருந்தும் அமைப்பு, வீட்டு மின்னிணைப்பின் பாதுகாப்பு, வெட்டும்போது எழும் தூசு ஆகிய மூன்றுமே இக்கருவி பயன் தருமா, தீங்கு தருமா என்பதைத் தீர்மானிக்கின்றன.

மருத்துவமனையில் பிறந்த கருவி

எலும்பு முறிவுக்குப் போடப்படும் மாவுக்கட்டைத் தோலில் காயமின்றி அகற்றும் தேவையிலிருந்தே இத்தொழில்நுட்பம் உருவானது. அமெரிக்க எலும்பு சிகிச்சை மருத்துவர் ஹோமர் ஸ்டிரைக்கர் 1947-இல் இவ்வகை வெட்டுக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ஜெர்மனியின் ஃபைன் நிறுவனம் 1967-இல் மாவுக்கட்டு வெட்டும் அலைவு ரம்பத்தை உருவாக்கி, பின்னர் அதே நுட்பத்தைத் தச்சு, வாகனப் பணிகளுக்கும் கொண்டுவந்தது. அடிப்படைக் காப்புரிமை முடிந்த பின், 2000-களின் இறுதியிலிருந்து பல நிறுவனங்கள் இக்கருவியைத் தயாரிக்கத் தொடங்கின.

இதன் பிளேடு வட்டமாகச் சுழல்வதில்லை. இடமும் வலமுமாக மிகச் சிறிய கோணத்தில் அசைகிறது. அசைவுக் கோணம் பொதுவாக 3 முதல் 5 பாகை வரை இருக்கும். வேகம் நிமிடத்துக்கு 20,000 அசைவுகள் வரை செல்லும். மென்மையான தோல் பிளேடுடன் சேர்ந்து அசைந்து கொடுப்பதால் மருத்துவ ரம்பம் அதை எளிதில் வெட்டுவதில்லை. ஆனால் மரம் வெட்டும் பிளேடின் கூரிய பற்கள் கையைக் கிழிக்கக்கூடியவை. சூடேறிய பிளேடு தீக்காயமும் ஏற்படுத்தும். ஆகவே மருத்துவ ரம்பத்தின் பாதுகாப்பை வீட்டுக் கருவியிடம் எதிர்பார்க்கக் கூடாது.

எதற்கு ஏற்றது, எதற்கு ஏற்றதன்று

பழைய தரையின் மேல் புதிய டைல் பதிக்கும்போது நிலைச்சட்டத்தின் அடிப்பகுதியைக் குறைக்க வேண்டியிருக்கும். பதிக்கவுள்ள டைல் துண்டு ஒன்றைத் தரையில் வைத்து, அதன்மேல் பிளேடைக் கிடையாகப் பிடித்து வெட்டினால் சரியான உயரம் கிடைக்கும். ஒட்டுப்பசையின் தடிமனுக்கு மட்டும் சிறிது கூட்டிக்கொள்ள வேண்டும். கரையான் அரித்த மரப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்தல், டைல் இடுக்குப் பூச்சைச் சுரண்டுதல், சுவரோரத்தில் பிவிசி குழாயை அறுத்தல், துருப்பிடித்த கீல் திருகை வெட்டுதல் ஆகியவற்றுக்கும் இது ஏற்றது.

மழையில் உப்பிய கதவின் விளிம்பை முழுநீளத்துக்கும் சீவ இழைப்புளியே பொருத்தமானது. ஈரத்தை உறிஞ்சும் மரம் முக்கியமாக அகலவாக்கில் விரிவதால், மழைக்காலத்தில் அதிகமாகச் சீவிய கதவு கோடையில் சுருங்கி இடைவெளி காட்டும். நீண்ட நேர்வெட்டுக்கு வட்ட ரம்பமும், டைல்களை அளவாக வெட்ட டைல் கட்டரும் தேவை. ஒரே ஒரு கதவு வேலைக்காகக் கருவி வாங்குவதைவிட, தச்சரை அழைப்பதோ வாடகைக்கு எடுப்பதோ சிக்கனமாகும்.

மின்கம்பியா, பேட்டரியா?

மின்கம்பி வகைகளில் 200 முதல் 550 வாட் வரையிலானவை உள்ளன. வீட்டு உபயோகத்துக்கு 300 வாட் அளவுள்ள கருவி பெரும்பாலும் போதுமானது. டைல் இடுக்குகளைச் சுரண்டுவது, உப்புத்தாள் தேய்ப்பது போன்ற நெடுநேர வேலைகளுக்கு மின்கம்பி வகை சிறந்தது. மாடி, வெளிச்சுவர், மின்தடை நேரம் ஆகியவற்றுக்கு 12 அல்லது 18 வோல்ட் பேட்டரி வகை வசதியானது. ஒரே நிறுவனத்தின் துளையிடும் கருவி ஏற்கெனவே வீட்டில் இருப்பின், அதன் பேட்டரியும் சார்ஜரும் இதற்கும் பொருந்துமா எனப் பார்த்தால் செலவு கணிசமாகக் குறையும்.

வெளிநாட்டில் பணியாற்றும் உறவினர்கள் கொண்டுவரும் கருவிகளைப் பயன்படுத்தும் முன் பெயர்ப்பலகையைப் படிக்க வேண்டும். இந்திய வீடுகளில் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ஆகும். அமெரிக்கச் சந்தைக்கான 120 வோல்ட் கருவியை நேரடியாக இணைத்தால் மோட்டார் எரிந்துவிடும்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இன்றியமையாதது. மரத்துக்கு அதிக வேகமும், உலோகத்துக்குக் குறைந்த வேகமும் ஏற்றவை. அசைவுக் கோணம் பெரிதானால் வெட்டு விரைவாகும்; அதே நேரத்தில் கையில் உணரப்படும் அதிர்வும் கூடும்.

பிளேடு பொருத்தம்

கருவியின் விலை ஒருமுறைச் செலவு. பிளேடுகளின் விலையோ தொடர் செலவு. ஃபைன், பாஷ் நிறுவனங்கள் 2016-இல் ‘ஸ்டார்லாக்’ என்னும் பொருத்தும் முறையை அறிமுகம் செய்தன. இதில் ஸ்டார்லாக், ஸ்டார்லாக் பிளஸ், ஸ்டார்லாக் மேக்ஸ் என மூன்று நிலைகள் உள்ளன. அடிப்படை ஸ்டார்லாக் பிளேடு மூன்று நிலைக் கருவிகளிலும் பொருந்தும். மேக்ஸ் பிளேடோ மேக்ஸ் கருவியில் மட்டுமே பொருந்தும். பிற நிறுவனங்களின் கருவிகள் பலவற்றில், பல துளைகள் கொண்ட பொதுவான பிளேடுகளைத் திருகாலோ நெம்புகோலாலோ பொருத்தலாம். எந்த வகையாயினும், அதற்குரிய பிளேடு உள்ளூர்க் கடையில் தனியாகக் கிடைக்கிறதா என உறுதிசெய்த பின்னரே கருவியை வாங்குவது நல்லது.

உயர்கார்பன் எஃகுப் பிளேடு மரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் உரியது. மரத்துக்குள் ஆணி இருக்க வாய்ப்பிருந்தால் இருஉலோகப் பிளேடு வேண்டும். கடினமான திருகுகளுக்கு கார்பைடு பற்கள் கொண்டதும், டைல் இடுக்குப் பூச்சுக்கு கார்பைடு அல்லது வைரத் துகள் பூசியதும் பயன்படுகின்றன. கடற்கரைக்கு அருகிலுள்ள வீடுகளில் பிளேடுகளைத் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, மூடிய பெட்டியில் வைப்பது துருவைத் தடுக்கும்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

பழைய கதவு, சன்னல்களின் வண்ணப்பூச்சைத் தேய்க்கும்போது மிகுந்த எச்சரிக்கை தேவை. இந்தியாவில் வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம் ஆகக் கட்டுப்படுத்தும் விதிகள் 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் பூசப்பட்டவற்றில் ஈயம் கூடுதலாக இருக்கக்கூடும். ஈயத்தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எனவே குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உள்ள வீட்டில் பழைய வண்ணத்தை உலர்நிலையில் தேய்ப்பதைத் தவிர்க்க வேண்டும்.

கூரைகளில் காணப்படும் ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை இக்கருவியால் வெட்டவே கூடாது. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோயை உண்டாக்கும் என உலக சுகாதார அமைப்பு வகைப்படுத்தியுள்ளது. டைல், சிமென்ட் ஆகியவற்றிலிருந்து எழும் சிலிக்கா தூசும் நுரையீரலைப் பாதிக்கும். துணி முகக்கவசம் இவற்றுக்குப் போதாது; இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 9473-இன்படி எஃப்எஃப்பி2 தரமுடைய கவசம் தேவை. தூசு உறிஞ்சியை இணைக்கும் வசதி கொண்ட கருவியைத் தேர்ந்தெடுப்பது சிறந்தது.

அதிர்வும் புறக்கணிக்கத்தக்கதன்று. நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு 2.5 மீட்டர்/வினாடி² என்ற அதிர்வு அளவை எட்டினாலே தடுப்பு நடவடிக்கை தேவை என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் தொழிலாளர் பாதுகாப்பு விதி. கருவியின் கையேட்டில் அதிர்வு அளவு 10 எனக் குறிக்கப்பட்டிருந்தால், சுமார் 30 நிமிட வேலையிலேயே அந்த அளவு எட்டப்பட்டுவிடும்.

மின்பாதுகாப்பு

ஈரமான தரையில் நின்றபடி மின்கம்பிக் கருவியை இயக்கக் கூடாது. வீட்டு மின்பெட்டியில் 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி உள்ளதா என்பதையும், அதன் சோதனைப் பொத்தான் செயல்படுகிறதா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். சுவருக்குள் மின்கம்பிகள் பதிக்கப்பட்டுள்ள வீடுகளில், வெட்டவுள்ள இடத்தின் மின்சுற்றை நிறுத்திவிட்டு, பேட்டரிக் கருவியைப் பயன்படுத்துவதே பாதுகாப்பானது. கண்ணாடியும் காதுக்கவசமும் கட்டாயம் அணிய வேண்டும். பிளேடு மாற்றும் முன் மின்செருகியையோ பேட்டரியையோ கழற்றிவிட வேண்டும்.

வாங்கும்போது

உத்தரவாத அட்டையையும் ரசீதையும் கேட்டுப் பெறுவதுடன், அருகில் சேவை மையம் உள்ளதா எனவும் விசாரிக்க வேண்டும். கடையிலேயே கருவியை இயக்கி, எடையும் அதிர்வும் கைக்கு ஒத்துவருகின்றனவா எனப் பார்க்கலாம். குறைபாடுள்ள பொருளை மாற்றித்தர விற்பனையாளர் மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் அளிக்கலாம். செயலிழந்த பேட்டரிகளை வீட்டுக் குப்பையுடன் சேர்க்காமல் தனியாக ஒப்படைக்க வேண்டும் என 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் வலியுறுத்துகின்றன.